ஒரு புடவை அகலம்

"உன் துணியை எடுடி, இது என் இடம்" என்றாள் அஞ்சலை. "ஏன், உங்கப்பனா இந்தக் கோபுரத்தைக் கட்டினான்?" என்று எகிறினாள் பக்கத்து வீட்டுக் கோமளம். என்றைக்கும் விடியாத அந்தக் கோட்டைக்குள், வௌவால் அடைந்த கோபுரச் சுவரில் ஒரு புடவை அகலத்துக்குத்தான் துணி காயும் வெதுவெதுப்பு. உள்பக்கம் அங்கே முதுகைச் சாய்த்திருந்தார், ஊர் மறந்துபோன சூரியதேவர். முழுச் சுவரையும் சூடாக்க அவரால் முடியும். ஆனால் சண்டை நின்றுபோனால் அப்புறம் அவர் யார் குரலைக் கேட்பது? எவ்வளவு பெரிய தெய்வம், புத்தியைப் பாருங்கள்.

கோமளத்துக்குக் குரல் உடைந்தது. "நாளைக்கு எனக்குக் கல்யாணம்க்கா. கூறைப்புடவை மழையில நனைஞ்சிருச்சு."

சுவருக்கு உள்ளே பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. முழுச் சுவரும் சுட்டது.

கோமளம் கல்யாணமாகித் துறைமுகத்துப் பக்கம் போய்விட்டாள். அஞ்சலை இன்னமும் வருகிறாள். பாதிச் சுவரைக் காலியாக விட்டு, தன் புடவையை ஓரமாகப் போட்டுவிட்டு, வாய் திறக்காமல் போகிறாள்.