சைதூன் மாமி இறக்கிய சீட்டு

என் சைக்கிளை நாசம் பண்ணுவது சைதூன் மாமிதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மாமி என்றால் அத்தாவின், அதாவது என் அப்பாவின், அக்கா. மாடி வீட்டில் இருக்கிறார். ஆனால் கீழே எங்கள் வீட்டிலும் அவர் சொல்வதுதான் சட்டம். இன்றைக்கு மீனா, கறியா என்பதைக்கூட அத்தா மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்.

ப்ளஸ் டூ முடித்ததற்கு அத்தா எனக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கித் தந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து எரியோடு வரை ஒரு சைக்கிள் கூட்டம் போகிறது. விடியக் கிளம்பி, அங்கே இட்லி தின்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். என் தோழி ரீனா பேர் கொடுத்தாள். நானும் கொடுத்தேன். விஷயம் மாடிக்குப் போனது.

"நம்ம வீட்டுப் பொம்பள ஒருத்தி கூடவே சைக்கிள்ல போனா தஹ்சீன் போகட்டும். இல்லன்னா வேணாம்" என்றார் மாமி.

அம்புட்டுதான். ரீனா வருகிறாளே என்றேன். அவளும் உன்னை மாதிரி அரைவேக்காடுதானே என்றார்.

எங்கள் வீட்டில் என்னைத் தவிர ஒரு பெண்ணுக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அம்மா ஸ்கூட்டரின் பின்னால் உட்காரும்போதே கண்ணை மூடிக்கொள்வார். இதெல்லாம் மாமிக்குத் தெரியாதா? போகாதே என்று நேராகவே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அத்தாவை நச்சரித்தேன். பார்க்கலாம் என்றார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம்.

மறுநாளிலிருந்து கூத்து ஆரம்பித்தது.

காலையில் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. யாரோ சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். ஏற்றி வைத்தேன். அடுத்த நாள் மறுபடியும் இறங்கியிருந்தது. அப்புறம் ஒரு நாள் பின் டயரில் கருவேல முள். சொட்டுக் காற்று இல்லை. ஹேண்டில்பார் வேறு கோணல். நேராகப் பிடித்தால் வண்டி எதிர்வீட்டுக்குப் போகிறது.

அதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். செயினில் தேங்காய் எண்ணெயை ஊற்றியிருந்தார்கள், வழிய வழிய. அதில் மண் ஒட்டி, செயின் எள்ளுருண்டையைக் கோத்துவைத்த மாதிரி இருந்தது. பழைய பல் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தேன், தேய்த்தேன், கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

அந்த எண்ணெய் வாசம் எங்கோ பழகிய வாசமாக இருந்தது. ரீனாவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். செயினில் மூக்கை வைத்து மோந்தாள்.

"உங்க மாமி தலையேதான்டி" என்றாள். மூக்கு நுனியெல்லாம் கறுப்பு.

மாமிக்கு ஏன் இந்த வேலை என்று யோசித்தோம். ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுவேன் என்ற பயம்தான். நியாயமான பயம். நான் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தேன். வண்டியே ஓடாவிட்டால் நான் எங்கே போக?

கையும் களவுமாகப் பிடித்தே தீர்வது என்று சனிக்கிழமை பாங்கு சத்தத்துக்கே விழித்துக்கொண்டேன். அத்தா தொழுகைக்குப் போய்விட்டார். செத்த நேரம் கழித்து வாசலில் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டது. சாட்சி வேண்டுமே என்று ரீனாவுக்குப் போன் போட்டேன். அடுத்த தெருதான், வாயில் பிரஷ்ஷோடு வந்தாள்.

மண்ணில் டயர் தடம் தெளிவாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனோம். பழைய தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால், முன்பு தோல் காயப்போட்ட பொட்டலில் போய் நின்றது. சுற்றிலும் கருவேலம். ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தோம்.

என் ஹெல்மெட்டை முன்பின் மாற்றி மாட்டிக்கொண்டு, அத்தாவின் டிராக் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, சைதூன் மாமி என் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பின்னால், தொழுத தொப்பியோடு அத்தா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பாரூக்கு, சீட்டை விட்டுறாதடா."

"அப்பவே விட்டுட்டேன்க்கா."

அதைக் காதில் வாங்கிய நொடியில் மாமி நேராகக் கருவேலம் புதருக்குள் போனார். உள்ளேயிருந்து பெல் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

ரீனா பிரஷ்ஷைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். நான் மண்ணில் உட்கார்ந்தே சிரித்தேன். அதில்தான் மாட்டிக்கொண்டோம். அத்தா எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு வானத்தை ஆராய ஆரம்பித்தார்.

எனக்குச் சிரிப்பு நின்று சுள்ளென்று கோபம் வந்தது.

"உங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா மாமி? என்னை எரியோடு வரைக்கும் விட மாட்டீங்க. நீங்க மட்டும் என் சைக்கிளையே திருட்டுத்தனமா ஓட்டுவீங்களா?"

மாமி புதரைவிட்டு எழுந்து வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முழங்கையில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, என்னை விட்டுவிட்டு ரீனாவைப் பார்த்தார். உங்கள் வீட்டில் ஒரு லேடீஸ் சைக்கிள் சும்மா நிற்கிறதாமே, ஒரு நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். ரீனா ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினாள்.

அதன்பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு எரியோட்டுக்கு உங்கூட வாரதுக்கு, நம்ம வீட்டுல வேற எந்தப் பொம்பளடி இருக்கா?"