ஆறு பவுண்டு

"கதவைச் சாத்து ஆர்டிஸ்! காத்து உள்ள வந்தா றெக்கைக்குப் பறக்குற ஆசை வந்துடும். எடையைக் குறைச்சுக் காட்டும்."

"காட்டட்டுமே! எனக்கு அப்படி ஒரு காத்து அடிச்சா வேண்டாம்னா சொல்வேன்?"

சொல்லிக்கிட்டே கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்துனாங்க ஆர்டிஸ். பலகை இடுக்கு வழியா மத்தியான வெயில் கோடு கோடா விழுந்துச்சு. ஓடைக்கரை மரத்துலேருந்து பறந்து வந்த பஞ்சு அந்த வெயில்ல கீழயும் விழாம மேலயும் போகாம மிதந்துக்கிட்டிருந்துச்சு. நடுவுல நின்னுச்சு அவங்க விமானம். மரச்சட்டம், மேல துணி, பக்கத்துல பக்கத்துல ரெண்டு சீட்டு. புருஷன் வெர்லின் ஒம்பது வருஷமா தன் கையால கட்டுனது. சீட்டு மெத்தை மட்டும் ஆர்டிஸ் தைச்சது.

திங்கக்கிழமை பறக்க அனுமதி குடுக்கிற பரிசோதகர் வர்றாரு. அதுக்குள்ள எடை போட்டாகணும். விமானம், பெட்ரோல், வெர்லின், ஆர்டிஸ், நாலும் சேர்ந்து ஒரு அளவைத் தாண்டக்கூடாது. வெர்லின் ஒவ்வொரு துண்டையும் சமையக்கட்டுத் தராசுல நிறுத்து எழுதி வெச்சவரு, மெத்தைக்கு வந்த பஞ்சு உள்பட. அவரு கணக்குல விமானம் அறுநூத்தித் தொண்ணூத்தி நாலு பவுண்டு. அதுக்கு மேல ஒரு பவுண்டு ஏறுனாலும் ஆர்டிஸ் தரையில நின்னு கையாட்ட வேண்டியதுதான்.

ஆனா எதுல நிறுக்கறது? விமானத்துக்குன்னே விக்கிற தராசு மூவாயிரம் டாலராம். ஒரு நாள் வேலைக்கு யாரு குடுப்பா?

முதல்ல ஆர்டிஸ் சர்ச்சுல அஞ்சு பேரு வீட்டுக் குளியலறைத் தராசை வாங்கிட்டு வந்தாங்க. அந்த அஞ்சு வீட்டுலயும் அந்த வாரம் பூரா பழம் வெச்சுச் சுட்ட பை பலகாரத்தை நிம்மதியா சாப்பிட்டாங்களாம்.

மொதல்ல வெர்லின் ஏறி நின்னாரு.

"பூட்ஸைக் கழட்டிட்டு நில்லேன்."

"பூட்ஸோடதானே பறப்பேன்? பூட்ஸோடதான் எழுதணும்."

அப்புறம் சக்கரத்துக்கு ரெண்டு தராசு, மேல பலகை. வாலுக்கு ஒண்ணு. பலகை எடையைக் கழிச்சுப் பாத்தா, எழுநூறு.

"ஆறு பவுண்டு கூட காட்டுது! எல்லாம் பொய்த் தராசு."

"அஞ்சும் சேர்ந்தா பொய் சொல்லும்?"

"உன் சிநேகிதிங்க வீட்டுத் தராசுதானே!"

அடுத்து தீவனக் கடையில மூட்டை நிறுக்கிற தராசு. ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுச்சு. மத்த சக்கரத்துக்கு அதே உயரத்துல கட்டை குடுத்து, ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி வெச்சாங்க. அதுவும் எழுநூறு.

கடைசியா இன்னிக்கு டார்சி வந்தா. சனிக்கிழமை சனிக்கிழமை மண் தரைப் பந்தயத்துல கார் ஓட்டுற பொண்ணு. பந்தயத்துக்கு முன்னால காரை எடை போட, சக்கரத்துக்கு ஒண்ணா நாலு தராசுத் தட்டு வெச்சிருந்தா. வாடகைக்குப் பதிலா ஆர்டிஸ் சுட்ட ஒரு செர்ரி பை.

"வெர்லின், இது பொய் சொல்லாது. பொய் சொல்லியிருந்தா நான் எப்பவோ ஜெயிச்சிருப்பேன்," னு சிரிச்சுக்கிட்டே மூணு தட்டை வெச்சா. நாலாவது ஓரமா சும்மா கிடந்துச்சு.

விமானத்தை ஏத்துனாங்க. மூணு எண்ணையும் டார்சி கூட்டினா.

"எழுநூறு."

டார்சி பை தட்டைத் தூக்கிக்கிட்டு, "வெளிய இருக்கேன்," னு நழுவிட்டா.

வெர்லின் றெக்கையை மெதுவா தடவிக்கிட்டே நின்னாரு. ஒம்பது குளிர்காலமா இதே கொட்டகையில, ஓடாத விமானத்துல ரெண்டு பேரும் ஏறி உக்காந்து கண்ணை மூடிக்குவாங்க. "இப்ப எங்க இருக்கோம்?"னு ஆர்டிஸ் கேப்பாங்க. "ஏரிக்கு மேல. நம்ம வீடு தீப்பெட்டி மாதிரி தெரியுது பாரு,"ம்பாரு இவரு. பாத்துட்டேன்பாங்க அந்தம்மா.

"கதவை வேணா தொறக்கட்டுமா?" ஆர்டிஸ் மெல்லக் கேட்டாங்க. "கொஞ்சம் காத்து வரட்டுமே."

"விளையாடாதே. எங்கயாவது குறைச்சே ஆகணும்." பாக்கெட்லேருந்து கத்தியை எடுத்தாரு. "உன் மெத்தை ரொம்ப தடிமன். பாதியை வெட்டிடறேன்."

"அதைத் தொடாதே வெர்லின்!"

"பஞ்சுதானேம்மா?"

"தொடாதேன்னா தொடாதே!"

ஆர்டிஸ் அப்படிக் கத்தி அவரு கேட்டதே இல்ல. கத்தியை மடக்கி வெச்சுட்டு, மெத்தையைக் கையில தூக்கிப் பாத்தாரு. கனத்துச்சு. ஓரத் தையல் வழியா வெள்ளையா ஒரு லேஸ் நுனி எட்டிப் பாத்துச்சு. அதை அவருக்குத் தெரியும். நாப்பத்திரெண்டு வருஷத்துக்கு முன்னால சர்ச் வாசல்ல பாத்தது.

"இது... உன் கல்யாண கவுன்!"

ஆர்டிஸ் முகம் செவந்துடுச்சு. "அன்னிக்கு நீதானே சொன்னே, 'இந்த கவுனோட உன்னை வானத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்'னு. இப்ப எங்க அதுக்குள்ள நுழையறது? அதான், மேலயாவது உக்காந்துக்கலாம்னு உள்ள வெச்சுத் தைச்சேன். ஆறு பவுண்டு யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைச்சேன். நீ ஊரு தராசையெல்லாம் திட்டினப்ப, சொல்ல வெக்கமாப் போச்சு... பிரிச்சு எடுத்துடறேன், விடு."

வெர்லின் மெத்தையை அது இருந்த எடத்துலயே வெச்சு, கையால நீவி விட்டாரு. அப்புறம் தரையில உக்காந்து, இரும்பு மூக்கு வெச்ச பூட்ஸ் ரெண்டையும் கயிறு அவுத்துக் கழட்டி, சும்மா கிடந்த நாலாவது தட்டு மேல வெச்சாரு.

ஆறுன்னு காட்டுச்சு.