படம் வந்த பிறகு

இறந்த சிப்பாய்களின் வீடுகளுக்குப் பட்டாளம் கொடுத்திருந்த திரையில், போரில் இறந்த தனக்கோடி தினமும் வந்து, மனைவி பூங்காவனத்தோடு பேசுவான். உள்ளதைத்தான் சொல்வான்.

"தப்பான பள்ளத்தாக்குல எறக்கி விட்டுட்டாங்க புள்ள. ஒரு குண்டுகூட சுடல. குளிருலயே வெறச்சுப் போயிட்டோம்."

அந்தத் தோல்வியை வெற்றியாக்கி ஒரு படம் வந்தது. மறுநாள் வீட்டுத் திரையில் அவன் மீசையை முறுக்கினான். "நாப்பது பேரச் சாய்ச்சேன்!"

அவள் அந்தத் திரைக்கான சேவை மையத்துக்குப் போன் செய்து அழுதாள்.

"படத்துல வந்த மாதிரியே எல்லாருக்கும் மாத்தியாச்சும்மா. பழசு இனி கெடைக்காது," என்றாள் அங்கிருந்த பெண்.

மத்தியானம் வழக்கம்போல அவன் கேட்டான். "சாப்ட்டியா, நந்திதா?"

படத்தில் அவன் மனைவிக்கு அந்தப் பெயர்.

"நான் பூங்காவனங்க."

"யாரு அது?"

அவள் முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

"யாரோ. விடுங்க. நான் சாப்ட்டேன்."