ரிப்போர்ட் வந்துச்சா?

எல்வின் கடைசியாகத் தன் நண்பர் ஹார்லனை உயிரோடு பார்த்தபோது, கண்ணில் பட்டது இரண்டு பூட்ஸ் மட்டும்தான். மிச்ச ஹார்லன் எல்வினுடைய புதுக் காருக்கு அடியில் இருந்தார்.

“டேய், கார் வாங்கி மாசம் ஒண்ணுகூட ஆகல. இதோட ஆயிலைப் போய் லேப்ல கொடுத்துச் சோதிக்கணுமா?”

“சோதிக்கணும்.”

“புது இன்ஜின்னா உரசி உரசி இரும்புத்தூள் உதிரத்தான் செய்யும். ஊருக்கே தெரியும். பல்லு முளைக்காத பிள்ளையைப் பல் டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு நீ பண்றது.”

“வாயை மூடிட்டு அந்த பாட்டிலை எடு. முதல்ல வடியறதையும் பிடிக்கக் கூடாது, கடைசியில வடியறதையும் பிடிக்கக் கூடாது. நடுவுல பிடிக்கணும்.”

“இனிமே உனக்கு இந்தத் தொல்லையே இல்ல. கார் வித்தவங்களே ரெண்டு வருஷத்துக்குச் சும்மா ஆயில் மாத்தித் தர்றாங்களாம்.”

ஆடிக்கொண்டிருந்த பூட்ஸ் இரண்டும் நின்றன.

“ரெண்டு வருஷமா?”

“ஆமா.”



“மாத்துவாங்க. சோதிப்பாங்களா?” என்றார் ஹார்லன். “ரிப்போர்ட் வந்ததும் சனிக்கிழமை வர்றேன். காபியைப் போன தடவை மாதிரி கழுநீரா வைக்காதே.”

அந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. வியாழன் காலையில் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவர், அப்படியே பனியில் சாய்ந்துவிட்டார்.

இந்த ஆயில் சோதனை பழைய கதை. பல வருஷங்களுக்கு முன்னால் மனைவி மார்லிஸ் இறந்தபோது, எல்வின் வீட்டுக்குள்ளேயே யாருக்கும் கதவைத் திறக்காமல் கிடந்தார். பாஸ்டர் வந்து தட்டினார். திறக்கவில்லை. ஹார்லன் வந்து ஜன்னலைத் தட்டினார்.

“துக்கம் கேக்க வரலடா. உன் வண்டி ஆயில் சரியில்லன்னு தோணுது. சாவியைக் கொடு.”

அதற்குத் திறந்தார் எல்வின்.

ஆயில் பிடிக்க ஒரு சனிக்கிழமை. ரிப்போர்ட் சொல்ல அடுத்த சனிக்கிழமை. “ஆயில்ல செம்புத்தூள் கொஞ்சம் கூடியிருக்கு, எதுக்கும் மறுபடி பார்த்துடுவோம்” என்று அதற்கடுத்த சனிக்கிழமையும். வருஷங்கள் இப்படியே போயின.

ஹார்லனை அடக்கம் செய்த பிறகும், சனிக்கிழமை காலையில் எல்வினின் கை தானாகப் போய் ஷெட் கதவைத் தூக்கியது. தெருவைப் பார்த்துவிட்டு, மறுபடி இறக்கியது.

மில்வாக்கியிலிருந்து மகள் ஹைடி போன் செய்தாள்.

“அப்பா, வெர்னா ஆன்ட்டி வீட்டுக்கா கிளம்பறீங்க? ஹார்லன் அங்கிள் போனதிலிருந்து அவங்க யாருக்கும் கதவே திறக்கறதில்லையாம். சர்ச்ல இருந்து கொண்டுபோய் வெச்ச சாப்பாடெல்லாம் வாசல்லயே உறைஞ்சு கிடக்காம்.”

“தெரியும். ஆயில் ரிப்போர்ட் வந்துச்சான்னு கேக்கணும்.”

“அப்பா! புருஷனைப் புதைச்ச ஈரம்கூடக் காயல. அவங்ககிட்டப் போய் கார் ஆயிலைப் பத்தியா கேப்பீங்க? மனுஷங்க பண்ற காரியமா இது?”

எல்வின் போனை வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டார்.

வெர்னாவின் வாசலில் தட்டுகள் பனி மூடிக் கிடந்தன. அவற்றைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினார்.

“வெர்னா, நான் எல்வின். துக்கம் கேக்க வரல. என் புதுக் கார் ஆயிலோட ரிப்போர்ட் வந்துச்சா?”

படாரென்று தாழ்ப்பாள் விலகியது. ஹார்லனுடைய கட்டம்போட்ட சட்டையில் வெர்னா நின்றாள்.

“ரிப்போர்ட்டா? ரிப்போர்ட்டா வேணும் உங்களுக்கு? வாங்க, காட்டறேன்.”

விறுவிறுவென்று நிலவறைப் படிகளில் இறங்கினாள். எல்வின் பின்னால் போனார்.

சுவரோரம் ஓர் அலமாரி. அதில் வரிசை வரிசையாகச் சின்ன பாட்டில்கள். எல்லாவற்றிலும் கறுத்த ஆயில். ஒவ்வொன்றின் மேலும் ஹார்லனின் சாய்ந்த எழுத்து. எல்வின் வண்டி. எல்வின் வண்டி. கடைசியாக, எல்வின் புதுக் கார்.

“ஒண்ணைக்கூட அவர் அனுப்பினதில்ல. லேப்காரங்க காலி பாட்டிலைச் சும்மா அனுப்புவாங்க, அதோட சரி. இரும்பு இவ்வளவு, செம்பு இவ்வளவுன்னு உங்ககிட்டச் சொன்னதெல்லாம் வழியில யோசிச்ச பொய்.” வெர்னா ஹார்லனின் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். “அவரை மன்னிச்சுடுங்க எல்வின்.”

“எனக்குத் தெரியும் வெர்னா.”

“என்னது?”

“ஒரு தடவை, நிரப்பின பாட்டிலை எங்க வீட்டு ஜன்னல்லயே மறந்துட்டுப் போயிட்டான். அடுத்த சனிக்கிழமை வந்து, அதோட ரிப்போர்ட்டை மளமளன்னு ஒப்பிக்கிறான். பாட்டில் அவன் முதுகுக்குப் பின்னாலயே உட்கார்ந்திருக்கு!”

வெர்னா தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பவே கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருந்தா, அடுத்த சனிக்கிழமை அவன் எதைச் சொல்லிட்டு வருவான்?”

புதுக் கார் பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார் எல்வின். உள்ளே மினுமினுவென்று தூள் மிதந்தது.

“பார்த்தியா, நான் சொன்னேன்ல, இரும்புத்தூள்” என்றார். வெர்னாவிடம் அல்ல.

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

“வராத ரிப்போர்ட்டுன்னு தெரிஞ்சுமா கேட்டு வந்தீங்க? எதுக்கு?”

எல்வின் அலமாரியின் கீழே குனிந்தார். அங்கே லேப் அனுப்பியிருந்த அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்தார்.

“உன் கார்ல ஆயில் மாத்தி எவ்வளவு நாளாச்சு?”

வெர்னா அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சாவி மேலே ஆணியில தொங்குது” என்றாள். “சனிக்கிழமை வாங்க. காபி நான் வைக்கிறேன்.”

அந்த அலமாரியில், புதுக் காரின் பாட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது வெர்னா காரின் பாட்டில் நிற்கிறது. அதையும் யாரும் லேபுக்கு அனுப்பவில்லை.