வெளிய போங்க மாமா

அன்று அறைக்குள் இருந்தவர்கள் நானும் என் மருமகளும் மட்டுமே. சம்பந்தி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரை இருந்தவராகக் கணக்கில் சேர்க்க முடியாது.

"எல்லாத்தையும் மாத்திட்டேன் மாமா. நீங்க வெளிய போனாதான் புதுசு வரும்" என்றாள் மருமகள்.

"எனக்குப் பழசே போதும். நான் போகமாட்டேன்."

"அடம் பிடிக்காதீங்க. வெளிய போங்க."

"போனா மறுபடி உள்ள விடுவியா?"

"முதல்ல போங்க, பாக்கலாம்."

சம்பந்தி கண் கலங்க உள்ளே வந்து என் கையைப் பற்றினார்.

"என் வளர்ப்பு சரியில்ல சம்பந்தி. எங்க மாடி அறை காலியாத்தான் இருக்கு, வந்துடுங்க." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "அவர வெளிய போகச் சொல்ல நீ யாருடி?"

"நான்தாம்ப்பா அட்மின்" என்று அவள் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

மருமகள் என்னை வீட்டை விட்டுத் துரத்தினாள் என்று உறவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. லினக்ஸ் கணினியில் என் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் லாகின் ஷெல் என்ற நிரலை அவள் மாற்றிக் கொடுத்தாள். லாக்அவுட் செய்து திரும்ப நுழைந்தால்தான் புதிய ஷெல் வரும். போனேன், வந்தேன்.

அன்று இந்த வீட்டை விட்டு வெளியே போனவர் சம்பந்தி ஒருவரே. அவரும் காபி குடித்துவிட்டுத்தான் போனார்.