மூன்றாவது மீன்

தொட்டியிலிருந்து வலையில் தூக்கினான். கனமே இல்லை.

பெண் மீன், செத்திருந்தது. அடிவயிற்றில் இருந்த மாதுளை நிறம் அதற்குள் வெளுத்துவிட்டது. வாலும் துடுப்புகளும் நார் நாராகக் கிழிந்திருந்தன.

ஆண் மீன், முட்டையிடப் போட்டிருந்த கொட்டாங்குச்சிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி.

விரல் நீளம்கூட இல்லாத சிக்லிட் மீன். இதற்குள் இவ்வளவு ஆங்காரமா என்று இருந்தது.

உள்ளறையில் மங்கை பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பாதியில் சிக்கிக்கொண்டது போல. அவன் போகவில்லை. மனைவிக்கு ஜிப் இழுத்துக் கொடுக்கப் போனால் அதற்கும் ஒரு சண்டை வரும்.

அவள் திருச்சிக்கு, அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறாள். எத்தனை நாளைக்கு என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததை எதற்குக் கேட்பது.

கொளத்தூர் மீன் கடைக்காரருக்குப் போன் போட்டான். ஜோடியாகப் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். விஷயத்தைச் சொன்னான்.

"கூட ஒரு கௌராமி மீனு குடுத்தேனே சார், அது உள்ளதான இருக்கு?"

இல்லை. அதைப் புதன்கிழமையே எடுத்துத் தனியாக ஒரு வாளியில் விட்டுவிட்டான்.

பார்க்கச் சகிக்கவில்லை. ஜோடி இரண்டும் சேர்ந்துகொண்டு அந்தக் கௌராமியை ஒரு மூலைக்குத் துரத்தி, வாலைக் குதறி வைத்திருந்தன. போதாக்குறைக்கு இரண்டு தடவை முட்டையிட்டு இரண்டு தடவையும் முட்டையைக் காணோம். கௌராமிதான் தின்கிறது என்று நினைத்தான். இந்த மூன்றாம் தடவை முட்டையாவது நிம்மதியாகப் பொரியட்டும் என்று எடுத்துவிட்டான்.

நல்லது செய்வதாகத்தான் நினைப்பு.

"அதை ஏன் சார் எடுத்தீங்க? வெரட்டறதுக்கு ஒண்ணு இருக்கற வரைக்கும்தான் இதுங்க ஜோடி. அது போயிடுச்சுன்னா ஒண்ணையொண்ணு கடிச்சுக்கும்."

அவன் போனை வைத்துவிட்டான். மரியாதை இல்லைதான். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

மூன்று வருஷம் அவனும் மங்கையும் சண்டையே போட்டதில்லை.

மகன் இனியனுக்கு ரத்தப் புற்று என்று சொன்ன நாளிலிருந்து. அப்போது பையனுக்கு நாலு வயது. ஊசிக்கு எதிராக, காய்ச்சலுக்கு எதிராக, இன்ஷூரன்ஸ்காரனுக்கு எதிராக, பெட் காலி இல்லை என்று சொல்கிறவர்களுக்கு எதிராக அவர்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. அவள் கண் அசந்தால் அவன் விழித்திருப்பான். ஒரு பொட்டலம் சாம்பார் சாதத்தை ஆளுக்குப் பாதி தின்றார்கள். பக்கத்து பெட்காரர்கள் இவர்களைப் பார்த்துப் பொறாமைகூடப் பட்டார்கள்.

பையன் போய் ஐந்து மாதம் ஆகிறது.

இப்போது காபியில் சர்க்கரை கூடினால் சண்டை. ஃபேனை அணைக்காவிட்டால் சண்டை. அவன் இந்தத் தொட்டியை வாங்கி வைத்தபோது, மீன் வளர்க்க மனசு வருதா உங்களுக்கு என்று ஒரு சண்டை. எங்கே தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். வென்டிலேட்டர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டது அவன். அதற்கு முந்தின வாரம், சளிக் காய்ச்சல்தானே, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னது அவள்.

இரண்டையும் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள்.

மங்கை பெட்டியோடு கூடத்துக்கு வந்தாள். வலையைப் பார்த்தாள்.

"செத்துடுச்சா?"

"ம்."

செருப்பைத் தேடினாள்.

அப்போதுதான் அவன் போன் அடித்தது. கடைக்காரர்தான் திரும்பக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, ஈரக் கையோடு ஸ்பீக்கரில் போட்டான்.

"இனியனோட அப்பாங்களா? ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன் சார். வியாழக்கிழமை பத்தரைக்குத் தம்பிக்கு ரிவ்யூ இருக்கு. வெறும் வயித்துல கூட்டிட்டு வந்துடுங்க."

அவன் வலையைத் தொட்டி விளிம்பில் வைத்தான்.

மங்கை பெட்டியைக் கீழே வைத்தாள். அவன் அருகில் வந்து போனைப் பார்த்துக் குனிந்தாள்.

"உங்க ஆஸ்பத்திரியிலதான்மா என் பையன் செத்தான். அதுகூடவா உங்க கம்ப்யூட்டர்ல ஏறல?"

ஃபைல் நம்பர் சொல்ல முடியுமா என்று சின்னக் குரலில் கேட்டாள் அந்தப் பெண்.

"நாலு நாலு ஏழு ஒண்ணு ஆறு."

இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

"மேல யாராவது இருந்தா குடுங்க," என்றான் அவன். அவன் குரலும் இப்போது உயர்ந்திருந்தது.

"ஆமா, கேளுங்க. இப்படியா ஒரு ஆஸ்பத்திரி நடத்துவாங்க," என்றாள் மங்கை. அவனிடம்தான் சொன்னாள்.

அவள் தோள் அவன் கையில் இடித்துக்கொண்டிருந்தது. ஐந்து மாதத்தில் இவ்வளவு பக்கத்தில் அவர்கள் நின்றதில்லை. அந்தப் பெண் எதிர்த்து ஏதாவது சொல்லட்டும் என்று அவன் காத்திருந்தான். ஒரு வார்த்தை போதும். இரண்டு பேருமாகச் சேர்ந்து இன்னும் கொஞ்ச நேரம் கத்தலாம்.

அவள் எதிர்த்துப் பேசவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா. தப்பு எங்க மேலதான். தம்பி பேரை இப்பவே எடுத்துட்டேன். இனிமே உங்களுக்குப் போன் வராது."

வைத்துவிட்டாள்.

இரண்டு பேரும் அணைந்த போனையே பார்த்தார்கள்.

"நல்ல பொண்ணா இருக்கா," என்றாள் மங்கை. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பெட்டியை அவன்தான் தூக்கினான். மூன்று மாடி இறங்க வேண்டும். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.