சுண்டுவிரல்

அமெரிக்கன் ஃபுட்பாலில், பந்து கிளம்புவதற்கு முன்பே ஆட்டம் எந்தப் பக்கம் போகும் என்று பெனினாவுக்குத் தெரிந்துவிடும். எதிரே குனிந்திருப்பவள் புல்லில் ஊன்றிய விரல்களைத்தான் அவள் பார்ப்பாள். நகம் வெளுத்திருந்தால் முட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். வெளுக்காவிட்டால் பின்வாங்கிப் பந்தை எறிவார்கள். இன்று இறுதிப் போட்டி, கடைசி ஆட்டம், எதிரணி கோட்டைத் தாண்டி ஜெயிக்க இரண்டே கெஜம். இருபத்திரண்டு பேரும் சிலையாக நின்றார்கள். எதிரே இருந்தவளின் நகங்கள் வெளுத்திருந்தன. ஆனால் சுண்டுவிரல் மட்டும் மெல்ல மேலெழுந்தது. இந்த நேரத்தில் அசைவது குற்றம். நடுவர் பார்த்தால் தொலைந்தாள்.

“என்னடி, ஓடுறாங்களா, எறியுறாங்களா? சொல்லித் தொலை!” என்று பின்னாலிருந்து அவள் அணியின் தமயந்தி கத்தினாள்.

பெனினா அந்தச் சுண்டுவிரலையே பார்த்தாள். தூக்கிய அந்த விரலுக்கடியில் கடுகளவு சிவப்பு வண்டு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் உலாத்துவதுபோல அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மைதானத்தின் இரைச்சல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. வண்டு விரலைக் கடந்து, நடுவிலிருந்த வெறும் புல்லைக் கடந்து, பெனினா ஊன்றியிருந்த கையருகே வந்தது. அவளும் தன் சுண்டுவிரலைத் தூக்கினாள்.

பந்து கிளம்பியது. இருபது பேர் ஓடினார்கள்.